மரச்சாயம் பூசிய நாற்பது சிப்பாய்கள்

பூங்காவனம் நகரில் இருந்த புங்க மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டுச் சிவப்பு டைல்ஸ் பதித்த மறு வருஷம், அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், மூன்றாம் பிளாக் இரண்டாம் மாடியில் குடியிருந்த கிருபாவதி தன் நாற்பது பொம்மைச் சிப்பாய்களுக்கும் அலமாரிக்கு அடிக்கிற மரச்சாயத்தைப் பூசினாள். வேலூர்ப் பக்கத்தில் மே மாதத்தில் நிழலுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று தெரிந்தவர்கள் யாரும் அதற்கப்புறம் நடந்ததைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

கிருபாவதி ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுப்பவள். நாற்பத்திரண்டு வயது, தனி வாசம். பகலெல்லாம் ஊராருடைய நரம்பைத் தேடி ஊசி குத்துகிற கை, சாயங்காலம் வீடு திரும்பியதும் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுக்குப் பொத்தான் வரைந்துகொண்டிருக்கும். அந்தச் சிப்பாய்களை மேஜைமேல் அணிவகுத்து, அளவுகோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி யுத்தம் பண்ணுவது ஒரு விளையாட்டு. அவளோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் குடியிருப்போர் சங்கக் கட்டடத்து டேபிள் டென்னிஸ் மேஜையில் யுத்தம் பண்ணுகிறவர் காட்பாடி ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் நதீம் பாய். ஓசூரில் வருஷா வருஷம் மே மாதம் போட்டி நடக்கும். நான்கு வருஷமாகக் கிருபாவதி கடைசி ஆட்டம் வரைக்கும் போய், நாகேஷ் என்கிற ஓசூர்க்காரரின் யானைப்படையிடம் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

வெறும் வர்ணம் அடித்த சிப்பாய் தட்டையாக, போஸ்டரில் இருந்து வெட்டி எடுத்த மாதிரி இருப்பான். கோட்டு மடிப்பிலும் கன்னக்குழியிலும் விரல் இடுக்கிலும் நிழல் விழுந்தால்தான் ஆளாவான். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பியில் மை வரும். அந்த வருஷம் அவளிடம் இருந்த குப்பி ஏழாவது சிப்பாயின் முழங்காலோடு தீர்ந்துபோனது. அடுத்த குப்பி பார்சலில் வந்து சேர்வதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

"நெழல்தானேக்கா வேணும்?" என்றார் நதீம் பாய். "வாசக்கால் செதுக்கல்ல பள்ளம் எடுப்பாத் தெரியறதுக்கு ஆசாரிங்க இன்னா பண்றாங்க? ஸ்டெய்ன் அடிச்சு மேலாக்கத் தொடைச்சு உட்றாங்க. பள்ளத்துல மட்டும் நின்னுக்கும். உங்க சிப்பாயும் ஒரு செதுக்கல்தானே."

யாரோ வீடு கட்டி மிச்சம் வைத்துப்போன மூன்று நசுங்கிய டப்பாக்களைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் தேக்கு, ஒன்றில் ரோஸ்வுட், ஒன்றின் அடியில் கொஞ்சமாக வால்நட். மூன்றும் தண்ணீரில் கரைகிற ரகம். ஒரு பங்கு சாயத்துக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, பள்ளத்தில் ஓடி இறங்குவதற்காகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு, துப்பாக்கி முனை ஒடிந்துபோன ஒரு சிப்பாயின்மேல் முதலில் பூசிப் பார்த்தாள். சாயம் தானாகவே கோட்டு மடிப்புகளைத் தேடிப் போய் உட்கார்ந்தது. மேட்டில் நின்றதைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தாள். ஒரு கால்மணி நேரத்தில் அவன் மூன்று நாள் நடந்து வந்தவன் மாதிரி ஆகிவிட்டான். இருபத்தைந்து பேருக்குத் தேக்கும் பதினான்கு பேருக்கு ரோஸ்வுட்டும் பூசினாள். வால்நட் ஒருவனுக்குத்தான் போதுமாக இருந்தது. அதைக் கேப்டனுக்குப் பூசினாள்.

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு நாற்பது பேரையும் பால்கனிச் சுவரின்மேல் காயவைத்தாள். பதினொன்றுக்குக் கதவு தட்டப்பட்டது. சங்கத் தலைவர் தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"கீழ வடாம் போட்டிருக்கேன், காயவே மாட்டேங்குது. உங்க மரத்தைக் கொஞ்சம் அந்தாண்ட நகத்தி வெக்கறீங்களா?"

கிருபாவதி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே முற்றம் முழுக்க, இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவில் இருந்த சிவப்பு டைல்ஸ் முழுக்க, தேக்கு மரங்களின் நிழல் விழுந்திருந்தது. முறம் முறமாக இலைகள், காற்றே இல்லாத அந்த வெயிலில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. இடையிடையே ரோஸ்வுட்டின், அதாவது ஈட்டி மரத்தின், காசுகாசான சின்ன இலைகள். ஓரமாக, யாரும் அந்த ஊரில் பார்த்திராத ஒரு பெரிய மரத்தின் அடர்ந்த நிழல். மேலே சுவரில் கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள் நாற்பது பேர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தபடி காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"காஞ்சதும் எடுத்துட்றேங்க," என்றாள் கிருபாவதி.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வேதவல்லி கீழே இறங்கிப் போனாள். பிறகு வடாத்தை வெயில் பார்த்து நகர்த்திப் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளை வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கிருபாவதி முதலில் செய்த காரியம், கேப்டனைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு தவமணியின் இஸ்திரி வண்டிக்குப் போனதுதான். தணிகாசலம் வீட்டு வாசலுக்கு எதிரே, முன்பு புங்க மரம் நின்ற இடத்தில், மரம் போன பின்னும் வேறு இடம் கிடைக்காமல் அந்த வண்டி வெயிலில் நின்றது. கரி போட்ட பெட்டி ஒரு பக்கம், வானம் ஒரு பக்கம். முந்தின வாரம் தவமணி யாரோ ஒருவருடைய பேண்ட்டின்மேலேயே மயங்கி விழுந்திருந்தாள்.

"இவரு யாருக்கா?" என்று கேட்டாள் தவமணி.

"கேப்டன். பெட்டிக்குக் கிட்ட வெக்காத, ஈயம், உருகிடும். இந்த மூலையில நிக்கட்டும்."

மறுநாள் காலை வெயில் ஏறியதும், வண்டியையும் தெருவில் பாதியையும் மூடிக்கொண்டு வால்நட் நிழல் விழுந்தது. அது குளிர்ப் பிரதேசத்து மரம். உள்ளே போனவர்களுக்குக் காது மடல் சில்லிட்டது. மூன்றாம் நாள் தவமணி யாரோ கழித்துப் போட்ட ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு இஸ்திரி போட்டாள். கலையாத சட்டையைக்கூட வேண்டுமென்றே கசக்கி எடுத்துக்கொண்டு ஜனங்கள் அங்கே வந்து நின்றார்கள்.

மற்ற சிப்பாய்களைக் கேட்டு வருகிறவர்களைக் கிருபாவதி மறுக்கவில்லை. போட்டிக்கு முன்னால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், முகத்தைத் தொடக்கூடாது என்று இரண்டே நிபந்தனை. பஸ் ஸ்டாப் கூரைமேல் இரண்டு பேர், ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நான்கு பேர், தண்ணீர் லாரி வருகிற முனையில் மூன்று பேர் என்று சிப்பாய்கள் காவலுக்குப் போனார்கள். நான்காம் பிளாக்கில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஷாமியானா போடாமல் ஆறு தேக்கு வாங்கிப் போய்ச் சமாளித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மேலே பார்த்துவிட்டுக் கீழே பார்த்துவிட்டு, சம்பந்தம் நல்ல சம்பந்தம்தான் என்று தலையசைத்தார்கள். ஈட்டி நிழலில் உட்கார்ந்தால் முகம் பளபளக்கிறது என்று முதல் பிளாக்கில் ஒரு பேச்சு கிளம்பியது. தேக்கு கிடைத்தவர்கள் தேக்குதான் உடம்புக்கு நல்லது என்று பதில் பேச்சுக் கிளப்பினார்கள். இரண்டு பிளாக்குகளும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொம்மைக்கு மர நிழல் எப்படி வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரே ஒருவர் நதீம் பாயின் கடையில் போய்க் கேட்டதற்கு அவர், "டப்பா மேல தேக்குன்னுதானே சார் எழுதியிருக்கு," என்றார்; கேட்டவருக்கு அது போதுமாக இருந்தது.

தணிகாசலம் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தார். மரங்களை வெட்டச் சொன்னவர் அவர்தான். இலை கொட்டுகிறது, காக்கை எச்சம் போடுகிறது, டைல்ஸ் போட்டால் இடம் சுத்தமாக இருக்கும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டு வெட்டினார். அதற்காக ஒரு வருஷம் வெயிலில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவர் வீட்டைப் பார்த்து முணுமுணுத்தது அவருக்குத் தெரியும். இப்போது இலை இல்லாத நிழல், குப்பை இல்லாத நிழல் வந்திருக்கிறது. 'சங்கத்தின் நல்முயற்சியால் நிழல் வசதி' என்று நுழைவாயிலில் ஒரு பலகை எழுதி மாட்டினார்.

பலகையின் பெயின்ட் காய்வதற்குள் நிழல்கள் இலை உதிர்க்க ஆரம்பித்தன.

தேக்கு இலை உதிர்க்கிற மரம். அதன் நிழலும் உதிர்த்தது. முறம் அளவுக் கறுப்பு இலைகள் ஆடி ஆடி இறங்கி டைல்ஸ்மேல் படிந்தன. துடைப்பத்தால் பெருக்கினால் துடைப்பம் அவற்றுக்குள் புகுந்து வெளியே வந்தது, இலை இருந்த இடத்திலேயே இருந்தது. ஜனங்கள் இரண்டு நாள் பழக்கத்தில் தாண்டித் தாண்டி நடந்தார்கள், அப்புறம் மிதித்து நடந்தார்கள். அதன் பிறகு காக்கைகள் வந்தன, அதாவது காக்கைகளின் நிழல்கள் மட்டும். கேப்டனுடைய வால்நட்டில்தான் அதிகக் கூட்டம். தணிகாசலம் தினமும் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், எதிரே அந்த நிழலில் ஒரு கிளை அசையும். அவர் தோளில் ஒரு கறுப்புச் சொட்டு விழும். தவமணி தேய்த்துப் பார்த்தாள், வேதவல்லி எலுமிச்சம்பழம் போட்டுப் பார்த்தாள். துணியில் இல்லாத கறையை எப்படிப் போக்குவது? ஒன்பது சட்டைகள் அப்படி ஆயின.

அவர் கூட்டம் போட்டார். நிழல் இருக்கலாம், குப்பை கூடாது. ஆகவே எல்லாச் சிப்பாய்களையும் தின்னர் போட்டுத் துடைத்துவிட வேண்டும் என்றார். ஜனங்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதைப் பற்றி ஆராய்ந்து சொல்ல மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்துவிட்டு, நிழலில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அந்தக் குழு ஒருநாளும் கூடப் போவதில்லை என்பது தணிகாசலத்துக்கும் தெரியும், ஏனென்றால் அந்த மாதிரிக் குழுக்களைப் பல வருஷமாக அமைத்து வந்தவர் அவர்தான்.

இதற்குள் ஓசூர்ப் போட்டி நெருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்ன சொல் தவறாமல் எல்லோரும் சிப்பாய்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவன் கைக்குட்டையிலும் ஒருவன் டிபன் டப்பாவிலும் ஒருவன் மூக்குக் கண்ணாடிக் கூட்டிலும் வந்தான். ஒருவன் நெற்றியில் விபூதி இருந்தது. ஒருவன் தலைக்கு யாரோ கம்பளி நூலில் குல்லா பின்னிப் போட்டிருந்தார்கள். கடைசியாகத் தவமணி கேப்டனை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள்.

"சமத்தா நின்னாருக்கா. ஒருநாளும் தொந்தரவு இல்ல."

"ஞாயித்துக்கிழமை வண்டி போடுவியா?"

"ஞாயித்துக்கெழமதான் துணி ஜாஸ்தி. ஒரு நாள்தானே, தலையில ஈரத்துண்டு போட்டுக்குவேன்."

அக்னி நட்சத்திரத்தின் உச்சம் அது. தவமணி அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். கிருபாவதி கேப்டனை வாங்கிப் பார்த்தாள். அந்தக் கோட்டு மடிப்புகளுக்கு அவள் மூன்று ராத்திரி செலவழித்திருந்தாள். நான்கு வருஷத் தோல்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன். கொஞ்ச நேரம் விரலால் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அவனைத் திரும்பவும் தவமணியின் கையில் வைத்தாள்.

ஞாயிறு விடியற்காலை ஓசூர் போகிற காரில் நதீம் பாய் பாதி வழி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். வாணியம்பாடி தாண்டியதும் கேட்டேவிட்டார்.

"கேப்டன் இல்லாத படைக்கு இன்னா சட்டம்னு தெரியும்ல? ஒவ்வொரு முறையும் பகடை போடணும். ஒண்ணு வுழுந்தா படை நின்ன எடத்துலயே நிக்கும்."

"தெரியும் பாய்."

"அந்தம்மாதான் துண்டு போட்டுக்கறேன்னு சொன்னாங்களே."

"அன்னிக்கி அவ வுழுந்தப்போ நாடி புடிச்சுப் பாத்தது நான். எனக்குக் கிடைக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு."

பாய் அதற்கப்புறம் கிருஷ்ணகிரி வரைக்கும் பாட்டு கேட்டுக்கொண்டு வந்தார்.

கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் காலை ஆட்டங்களை எல்லாம் ஜெயித்து, மத்தியானம் கிருபாவதி வழக்கம்போல் நாகேஷின் எதிரே போய் நின்றாள். அந்த மேஜை மட்டும் ஜன்னலோரம் இருந்தது. முப்பத்தொன்பது சிப்பாய்களை அவள் அடுக்கி முடிப்பதற்குள் மேஜையில் அவள் பக்கத்துப் பாதி அடர்ந்த காடாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டுக்கொண்டார்கள். நாகேஷ் முதல் யானையை முன்னே தள்ளி, பகடை உருட்டி, நான்கு விழுந்ததைக் காட்டி, "ரெண்டு சிப்பாய் காலி," என்றார்.

கிருபாவதி விதிப் புத்தகத்தைத் திறந்தாள். மரநிழலில் நிற்கும் படையைத் தாக்க ஆறு விழ வேண்டும் என்று அதில் இருந்தது.

"மரம் எங்கங்க இருக்கு?" என்றார் நாகேஷ்.

நடுவர் சோமசேகர் புத்தகத்தை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு சிப்பாயைத் தூக்கிப் பிடித்தார். நிழல் அவரது முகத்தின்மேலும் சுவரின்மேலும் விழுந்தது. "மரநிழல்னுதான் போட்டிருக்கு," என்றார் கடைசியில். "மரம் இருக்கணும்னு போடலை. ஆறு விழணும்."

நாகேஷ் செல்போன் விளக்கைப் போட்டுக் காட்டை விரட்டப் பார்த்தார். வெளிச்சம் கூடக் கூட நிழல் அடர்ந்தது. அவருடைய யானைகளே கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அணைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஆட்டம் நடந்தது. கிருபாவதி யானைகளை ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் இழுத்து முடித்தாள். கடைசி முறையில் ஒரே ஒரு யானை மிச்சம் இருந்தது; அது அவள் பக்கத்து விளிம்பைத் தொட்டால் நாகேஷுக்கு ஜெயம், அவளுடைய சிப்பாய்கள் நான்கு அங்குலம் நகர்ந்து மறித்தால் அவளுக்கு. பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது. முப்பத்தொன்பது பேரும் நிழலில் நின்று, அந்த யானை தங்களைத் தாண்டி நிதானமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது வருஷமும் அவள் தோற்றாள். ஆனால் சிறப்பாக வர்ணம் தீட்டிய படைக்கான கோப்பையை அவளுக்குக் கொடுத்தார்கள். அதைக் கொடுத்தவர், "இந்த ஆழம் எந்த நாட்டு மைங்க?" என்று ரகசியமாகக் கேட்டார். கிருபாவதி நதீம் பாயைப் பார்த்தாள். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரொம்ப மேலேருந்து எறக்கினது சார்," என்றார். பரண் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்தபோது பூங்காவனம் நகர் வாசலிலேயே தவமணி நின்றிருந்தாள். கையில் கேப்டன். அவன் காலடியில், மறையப்போகிற வெயிலில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாதாரண நிழல் விழுந்திருந்தது.

"வெட்டிட்டாங்கக்கா," என்றாள். "எவ்ளோ சொல்லிப் பாத்தேன். நான் இருந்தும் காப்பாத்த முடியல."

நடந்தது இதுதான். ஒரே ஒரு நிழல் மிச்சமிருக்கிற நாள், அதுவும் தன் சட்டைகளைக் கெடுத்த நிழல் என்பதால், தணிகாசலம் போன வருஷம் புங்க மரங்களை வெட்டிய ஏழுமலையையே வரவழைத்தார். ஏழுமலை ரம்பத்தோடு வந்து, நிழலைச் சுற்றி வந்து பார்த்து, வேலை என்றால் வேலை என்று, கேப்டனுடைய பூட்சுக்கும் நிழலின் அடிமரத்துக்கும் நடுவில் வண்டிப் பலகையோடு ஒட்டி ரம்பத்தை வைத்து அறுத்தார். கறுப்புத் தூள் பறந்தது. ஒரு மணி நேரம் அறுத்த பிறகு நிழல் முறிந்தது. அப்போது மணி மூன்று. வெயில் மேற்கில் இருந்தது, தணிகாசலத்தின் வீடு கிழக்கில் இருந்தது. அறுபட்ட வால்நட் நிழல் தெருவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, அவருடைய வீட்டின்மேல் நீட்டி நிமிர்ந்து விழுந்தது; மொட்டை மாடி, கூடம், சமையலறை எல்லாவற்றிலும் கிளைகள் புகுந்தன.

"ரோட்டுப் பக்கமாச் சாய்க்கச் சொன்னேனேய்யா," என்றாராம் தணிகாசலம்.

"நெழல் வெயிலுக்கு எதிர்லதானே சார் சாயும். அதுக்கு நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு ஏழுமலை ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு போனாராம்.

கிருபாவதிக்கு முதலில் வந்தது கோபம்தான். கோப்பையைத் தவமணியிடம் கொடுத்துவிட்டு நேராகத் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனாள். கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் காது மடல் சில்லிட்டது. கூடத்தில் தணிகாசலம் போர்வையைப் போர்த்திக்கொண்டு, இன்னும் இருட்டாத சாயங்காலத்தில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் என்ன பேச வந்தோம் என்பதை மறந்துபோய், வேதவல்லி கொடுத்த சுடச்சுடக் காப்பியைக் குடித்துவிட்டு வந்தாள்.

வெட்டுண்ட நிழல் வெயிலோடு சேர்ந்து நகராது. அது அங்கேயே கிடந்தது. ஓசூர் போய் வந்த முப்பத்தொன்பது பேரும் மறுநாளே தத்தம் இடங்களுக்குக் காவலுக்குத் திரும்பினார்கள் என்றாலும், ஒரு குளிர்ப் பிரதேசத்து மரம் முழுசாக நாலு சுவருக்குள் கிடக்கிற வீட்டுக்கு அவர்களுடைய நிழல் எதுவும் ஈடாகவில்லை. தவமணிக்கு வேறொரு சிப்பாயைத் தருகிறேன் என்று கிருபாவதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேதவல்லி கேட்டை விரியத் திறந்து, இஸ்திரி வண்டியைத் தன் போர்ட்டிகோவுக்குள் தள்ளிவரச் சொன்னாள். வண்டிக்குப் பின்னால் துணி கொண்டுவந்தவர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முட்டி வலிக்காரர்கள், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். இரண்டு வாரத்தில் காலனியில் பாதிப் பேர் பகல் பதினொன்றிலிருந்து நாலு மணி வரைக்கும் சங்கத் தலைவரின் கூடத்தில், ஆளுக்கொரு சால்வையோடு இருந்தார்கள். வேதவல்லிக்கு அந்த வீட்டில் அவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டதே இல்லையாம். மோர் கலக்குவதை நிறுத்திவிட்டு மிளகு ரசம் வைக்க ஆரம்பித்தாள்.

தணிகாசலம் நான்கு நாள் படுக்கையறைக்குள்ளேயே இருந்தார். ஐந்தாம் நாள் அங்கேயும் இரண்டு பேர் வந்து படுத்துக்கொண்டதால் கூடத்துக்கு வந்தார். இடம் தேடிச் சுவரோரம் உட்கார்ந்தார். யாரோ ரசம் கொடுத்தார்கள், குடித்தார். யாரோ கதை சொன்னார்கள், கேட்டார். சிரிக்கவேண்டிய இடத்தில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் சிரித்தார்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், பக்கத்து நகரிலிருந்து வந்த யாரோ ஒரு பெண், உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல், கதவைப் பிடித்தபடி செருப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தணிகாசலத்தைப் பார்த்தார்கள். அவர் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நின்னுனே இருக்காதம்மா," என்றார். "உள்ள வந்து கதவைச் சாத்து. வெயில் வருது."